கை வைத்தால் நோய் தீருமா?

ரெய்கி என்ற சொல்லை நம் சங்கத்து நண்பர்கள் பலரும் கேட்டிருப்பீர்கள். நம் பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடைச் சுவரிலேயே அதற்கு ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. மனித உருவம் ஒன்று சம்மணமிட்டு அமர்ந்திருக்கும். முதுகந்தண்டின் அடியிலிருந்து உச்சந்தலை வரை ஏழு வட்டங்கள், வானவில்லின் ஏழு நிறங்களில். 'ஐயாயிரம் ஆண்டுப் பழமையான ரெய்கி–சக்கர மருத்துவம்' என்று மேலே இந்தியில் எழுதியிருக்கும். என்னோடு ஆய்வுக்கூடத்தில் படிக்கும் பீகார் நண்பர் ஒருவர் அதைக் காட்டி, "இது உங்கள் சித்தர்கள் கண்டதுதானே?" என்று கேட்டார். வடக்கே வந்துவிட்ட தமிழன்மீது இப்படிச் சில பெருமைகள் கேளாமலே வந்து விழும். நாடி சோதிடம், இட்லி, சித்தர் ஆகிய மூன்றுக்கும் அவனே பொறுப்பாளன்.

"இதில் பாதி ஜப்பான் நாட்டுச் சரக்கு. மறு பாதி நம் நாட்டில் பிறந்து, கப்பலேறிப் போய், வேறு உடை உடுத்துத் திரும்பியது. இரண்டையும் சேர்த்துத் தைத்த இடம் மேலைநாடு" என்றேன்.

"பௌதிகம் படிப்பவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு?" என்று சிரித்தார் அவர். காரணம் என் அம்மாவின் கழுத்து.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக மும்பைக்குப் போன குடும்பம். தாராவியில் ஒரே அறை கொண்ட வீடு. அப்பாவுக்கு இரவு வேலை. நான் தில்லிக்குப் படிக்க வந்தபின் அம்மா பெரும்பாலும் தனிமைதான். ஏழு ஆண்டுகளுக்குமுன் அவருக்குத் தைராய்டு சுரப்பி சரியாகச் சுரக்கவில்லை என்று கண்டு, நாள்தோறும் வெறும் வயிற்றில் ஒரு தைராக்சின் மாத்திரை உண்ணும்படி மருத்துவர் சொன்னார். அன்றுமுதல் அம்மாவின் காலைப்பொழுது அந்தச் சிறு மாத்திரையோடுதான் தொடங்கும்.

சென்ற ஆண்டு, பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் அம்மாவை ஒரு ரெய்கி வகுப்புக்கு அழைத்துச் சென்றார். நான்கு தெரு தள்ளி ஒரு மாடியறை. பத்துப் பன்னிரண்டு பெண்கள், பாதிப் பேர் தமிழர். பாய் விரித்துப் படுத்தால், ஆசிரியை தலை, கண், கழுத்து, நெஞ்சு, வயிறு என ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் கை வைத்திருப்பார். அம்மா தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எய்யா, அந்த அம்மா கை வச்சாவன்னா நெஞ்சுக்குள்ள ஒரு சூடு எறங்குது பாத்துக்கோ. ராத்திரி அடிச்சுப் போட்டாப்ல தூக்கம்."

எனக்கு மகிழ்ச்சியே. இருபத்தைந்து ஆண்டுகளாய்ப் பிறருக்குச் சோறு பொங்கி, நீர் சுமந்து, தலை தடவிய பெண்ணுக்கு, அவர் தலையைத் தடவ ஒருவர் கிடைத்திருக்கிறார். இதில் குறை காண நான் யார்?

ஆனால் வகுப்பு அத்தோடு நிற்கவில்லை. நூலில் கட்டிய ஒரு கல்லை ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் பிடித்து, அது ஆடும் விதத்தைக்கொண்டு 'திறந்திருக்கிறது', 'அடைத்திருக்கிறது' என்று சொல்வார்களாம். அம்மாவின் விசுத்திச் சக்கரம், அதாவது கழுத்துச் சக்கரம், அடைத்திருப்பதாகக் கல் காட்டிற்று. அதுவே தைராய்டு நோய்க்கு மூலம் என்றார்கள். இருபத்தொரு நாள் தொடர்ந்து கை வைத்தால் அடைப்பு நீங்கும், பிறகு மாத்திரை தேவைப்படாது என்றும் சொன்னார்கள். அம்மா முதல் நாளிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டார். இருபத்தொன்றாம் நாள் முடிந்ததும் என்னை அழைத்து, "மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கேன்" என்றார். குரலில் தேர்வில் தேறிய பிள்ளையின் பெருமிதம்.

அந்த இரவு நான் உறங்கவில்லை. பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, இந்த ரெய்கி எங்கிருந்து வந்தது, சக்கரம் எப்படி இதில் நுழைந்தது என்று தேடத் தொடங்கினேன்.

ரெய்கியைத் தொடங்கியவர் மிகாவோ உசுயி என்ற ஜப்பானியர். 1865இல் பிறந்தவர். 1922இல் கியோட்டோ நகருக்கு அருகிலுள்ள குராமா மலையில் இருபத்தொரு நாள் நோன்பிருந்தபோது இந்த ஆற்றல் தமக்குக் கிட்டியதாகக் கூறினார். அவர் 1926இல் மறைந்தபின் மாணவர்கள் தோக்கியோவில் நாட்டிய நினைவுக்கல் இதைச் சொல்கிறது. அம்மாவின் இருபத்தொரு நாள் கணக்கிற்கு ஊற்று இந்த மலைதான் என்று தோன்றுகிறது. ஐயாயிரம் ஆண்டு என்பது இருக்கட்டும். முழுதாய் நூற்றுச் சில்லறை ஆண்டுகளே ஆகின்றன. சினம் கொள்ளாதிருத்தல், கவலையை விடுதல், நன்றியோடிருத்தல் முதலான ஐந்து ஒழுக்கங்களையும் உசுயி கற்பித்தார். அவர் கற்பித்தவற்றில் ஏழு சக்கரம் இல்லை. ஜப்பானியர் உடலின் நடுவிடமாகக் கொள்வது கொப்பூழுக்குக் கீழே உள்ள 'தந்தென்' என்னும் இடத்தை.

இம்முறையைக் கடல் கடத்தியவர் ஹவாயோ தகாத்தா என்ற பெண்மணி. ஹவாய்த் தீவில் கரும்புத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் 1900இல் பிறந்தவர். பிழைக்கப் போன ஜப்பானியரின் மகள். (கரும்புத் தோட்டம் என்றால் நமக்கும் சில நினைவுகள் உண்டு.) நோயுற்று 1935இல் ஜப்பான் சென்று, உசுயியின் மாணவர் ஹயாஷி நடத்திய நிலையத்தில் குணமடைந்ததாகச் சொன்னார். 1937இல் ஹவாய் திரும்பினார். 1980இல் மறையுமுன் இருபத்திரண்டு பேரை ஆசிரியராக்கினார். ஆசிரியராவதற்கு அவர் வாங்கிய கட்டணம் பத்தாயிரம் டாலர். அவர்களும் அவர்கள் மாணவர்களும் பரப்பியபோதுதான், மேலைநாடுகளில் முன்பே உலவிவந்த சக்கரப் படமும் ரெய்கியும் கைகோத்துக்கொண்டன.

சரி, அந்தச் சக்கரப் படமாவது நம்முடையதா? இங்கேதான் எனக்குப் பெரிய வியப்பு காத்திருந்தது.

ஆறு ஆதாரங்களைத் திருமூலர் பாடியிருக்கிறார் என்பதை நம்மில் பலர் அறிவோம். வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577இல் எழுதிய வடமொழி நூலிலும் ஆறு சக்கரங்கள் விரிவாக வருகின்றன. நான்கு, ஆறு, பத்து, பன்னிரண்டு, பதினாறு, இரண்டு என்று தாமரை இதழ்களுக்குக் கணக்கும் உண்டு. கூட்டினால் ஐம்பது, வடமொழி எழுத்துகளின் தொகை. ஆனால் அங்கே மணிபூரகத்தின் இதழ்கள் மழைமேக நிறம். அநாகதம் செம்மலர் நிறம். விசுத்தி புகைபடிந்த ஊதா. தேநீர்க் கடைச் சுவரில் உள்ளபடி மஞ்சள், பச்சை, நீலம் என்று வானவில் வரிசையில் அடுக்கியது இருபதாம் நூற்றாண்டின் கைவேலை. நூலுக்கு நூல் சக்கரங்களின் எண்ணிக்கைகூட மாறும்.

பூர்ணானந்தர் நூலை ஆங்கிலத்தில் தந்தவர் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த ஜான் உட்ராஃப். ஆர்தர் அவலான் என்ற புனைபெயரில் 1919இல் வெளியிட்டார். 1927இல் லெட்பீட்டர் என்ற பிரம்மஞான சபையார் சக்கரங்களைப்பற்றித் தனி நூல் எழுதினார். சுவாதிட்டானத்தை எடுத்துவிட்டு, மண்ணீரலில் ஒரு சக்கரம் வைத்தார்! அந்நூல் அச்சாகி வெளிவந்த இடம் எது தெரியுமா? நம் சென்னை அடையாறு. அடையாற்றிலிருந்து கப்பலேறிய சக்கரம் அமெரிக்கா போய், ரெய்கியை மணந்துகொண்டு, தாராவி மாடியறைக்கு வந்து என் அம்மாவின் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

விசுத்தி என்றால் தைராய்டு என்ற கணக்கு இன்னும் இளையது. தைராக்சினை அமெரிக்க வேதியியலார் கெண்டால் முதன்முதலாகத் தூய்மையாகப் பிரித்தெடுத்தது 1914இல். சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளமில்லாச் சுரப்பியை இணைத்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் ஆலிஸ் பெய்லி. அவருடைய நூல் வந்தது 1930இல். சுரப்பிகளைப்பற்றி அறிவியல் கண்டுசொன்னதை எடுத்து, பழைய தாமரைமேல் ஒட்டி, இதோ முன்னோர் கண்டது என்கிறார்கள். அறிவியலிடம் கடன் வாங்கியவர்கள், அந்த அறிவியல் தந்த மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்வதுதான் வேடிக்கை.

இன்னொன்றும் எனக்கு உறைத்தது. பழைய நூல்களில் சக்கரம் என்பது யோகி தனக்குள் நோக்கி, தன் மூச்சால் தானே ஏற வேண்டிய படி. ஆசிரியர் மாணவரைத் தொட்டருளும் பரிச தீட்சை சைவத்தில் உண்டு. அதன் நோக்கம் வீடுபேறு, தைராய்டு அன்று.

வரலாறு இளையது என்பதனாலேயே ஒரு மருந்து பொய்யாகிவிடாது, பென்சிலினும் இளையதுதான். ஆகவே வேலை செய்கிறதா என்பதே கேள்வி. ஏறக்குறைய இதே போன்ற கைம்முறையைப் பயின்ற இருபத்தொருவரை அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற சிறுமி சோதித்தாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அச்சோதனையை அமைத்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அட்டை மறைப்பின் துளை வழியே அவர்கள் இரு கைகளையும் நீட்ட வேண்டும். நாணயம் சுண்டி, ஏதேனும் ஒரு கையின்மேல் அவள் தன் கையைத் தொடாமல் பிடிப்பாள். எந்தக் கை என்று அவர்கள் சொல்ல வேண்டும். 280 முறையில் 123 முறை சரி, நூற்றுக்கு 44. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக இருக்குமே! 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளிவந்தது. ரெய்கியையே எடுத்துக்கொண்டு, உடல்வலி நோயாளர் நூறு பேரிடம் செய்த சோதனை 2008இல் வந்தது. தேர்ந்த ரெய்கி ஆசிரியர் ஒருபுறம், ரெய்கி அறியாத நடிகர் ஒருபுறம். வலியில் வேறுபாடு தெரியவில்லை.

கையிலிருந்து ஏதோ வெளிப்படுவது உண்மையே. உள்ளங்கை அகச்சிவப்புக் கதிர் வீசுகிறது, அது வெப்பம், இட்லிப் பானையும் வீசும். இதயத்திற்குக் காந்தப்புலமும் உண்டு. ஆனால் பூமியின் காந்தப்புலத்தில் அது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவே.

இத்தனையும் தெரிந்துகொண்டு தீபாவளி விடுமுறைக்கு ஊர் போனேன். அம்மா மாத்திரையை நிறுத்தி ஆறாவது வாரம். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் மனம் திக்கென்றது. முகம் சற்று ஊதியிருந்தது. குரல் கரகரத்தது. மும்பையின் ஐப்பசிப் புழுக்கத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வை போர்த்தியிருந்தார். "மழை ஈரம், ஒடம்பு கொஞ்சம் குளுருது" என்றார்.

திருமூலரையும் லெட்பீட்டரையும் அந்த அறையில் நான் வாய்திறந்து சொல்லவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நீலநிற டிரம் ஒன்று உண்டு. விடியற்காலையில் சில மணி நேரமே குழாயில் நீர் வரும். அந்த டிரம்மில் பிடித்து வைப்பதே அன்றையப் பாடு. அதைக் காட்டித்தான் சொன்னேன்.

"அம்மா, டிரம்முக்கு அடியில ஒரு ஓட்டைன்னு வச்சுக்கோங்க. தெனம் காலையில குழாய்த் தண்ணி விட்டு ரொப்புறீங்க. ஒரு நாள் குழாய் நின்னுபோச்சு. அன்னைக்கே டிரம் காலியாயிருமா?"

"எப்படி ஆவும்? மெதுவாத்தான் எறங்கும்."

"அந்த மாத்திரை மருந்தும் அப்படித்தான். ஒரு வாரத்துல பாதியாகும்."

உடலில் தைராக்சினின் அரைவாழ்வு ஏறக்குறைய ஏழு நாள். கதிரியக்கப் பாடத்தில் நாம் போடும் அதே கணக்கு. முதல் வாரக் கடைசியில் அரை, இரண்டாவதில் கால், மூன்றாவதில் அரைக்கால். இருபத்தொன்றாம் நாளிலும் அரைக்கால் டிரம் மிச்சம் இருக்கும். குறைந்துபோனதை உடலும் உடனே சொல்லிவிடாது; சோர்வு, குளிர், வீக்கம் என்று மெல்ல மெல்லத்தான் முறையிடும். ஆகவே இருபத்தொரு நாள் என்று எவர் கெடு வைத்தாலும், கை வைத்தாலும் வைக்காவிட்டாலும், அந்நாளில் நோயாளி 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லக்கூடும். அந்த ஆசிரியை ஏமாற்றுகிறார் என்று நான் எண்ணவில்லை. அவர் கண்ணெதிரே, அவர் நம்பியபடியே நடக்கிறது, நம்பிக்கை உறுதிப்படுகிறது. நான்காம், ஐந்தாம் வாரத்தில் முகம் ஊதும்போது, மழை ஈரம்மீது பழி விழுந்துவிடும்.

அம்மா டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அந்தக் கல்லு ஆடுனது?" என்று கேட்டார். கூர்மையான கேள்வி.

சித்தி மகள் வந்திருந்தாள், எட்டாம் வகுப்புப் படிப்பவள். ஓர் ஊசியை நூலில் கோத்து அவள் கையில் கொடுத்து, "ஆண் கை மேல வட்டமா சுத்தும், பெண் கை மேல நேரா ஆடும்" என்றேன். என் கைமேல் வட்டமாகவே சுற்றியது; அம்மா கைமேல் நேராகவே ஆடியது. அம்மா வாய்மேல் கை வைத்தார். பிறகு அவளைத் தனியே அழைத்து, "மாத்திச் சொல்லிட்டேன், ஆணுக்குத்தான் நேரா ஆடும்" என்றேன். ஊசியும் உடனே மாறிக்கொண்டது! "நான் ஆட்டவே இல்லண்ணே" என்று அவள் சத்தியம் செய்தாள். உண்மைதான், மனம் எதிர்பார்ப்பதை விரல் அறியாமலே செய்துவிடுகிறது. பிரெஞ்சு வேதியியலார் செவ்ரோல் 1833இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

மறுநாள் இரத்தப் பரிசோதனை. டி.எஸ்.எச். ஏறக்குறைய ஐந்துக்குள் இருக்க வேண்டியது, நாற்பத்தொன்று இருந்தது. மருத்துவர் நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை. பழைய மாத்திரையையே மீண்டும் எழுதி, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்.

வகுப்பை விட்டுவிடுங்கள் என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை. விட்டுவிடுவார் என்றே எதிர்பார்த்தேன். அவர் விடவில்லை. "தூக்கம் வருது, நாலு பேரு கூடப் பேசக் கெடைக்குது, அதுக்கு ஏன் போவாம இருக்கணும்?" என்றார். மறுத்துப் பேச என்னிடம் சான்று இல்லை. மெல்லிய தொடுகைக்கென்றே தோலில் தனி நரம்பிழைகள் உண்டு. மெதுவாக வருடும்போது அவை இதமான செய்தியை மூளைக்குக் கொண்டுபோகின்றன. நம் பாட்டிமார் நூல் எதுவும் படியாமல் அறிந்திருந்த செய்தி அது. அமைதியான அறை, பாய், அன்பான கை, அரைமணி ஓய்வு ஆகியவற்றை வேண்டாம் என்று சொல்ல எந்த அறிவியலுக்கு மனம் வரும்? அதற்கு ஏழு நிறமும் வேண்டியதில்லை, ஐயாயிரம் ஆண்டும் வேண்டியதில்லை. வேறு பெயர் சொல்லி அதை விற்க முடியாது என்பதனால் போலும், இவற்றையெல்லாம் சேர்த்தார்கள்.

அம்மா அடுத்த வகுப்பில் ஆசிரியையிடம் நேராகவே சொன்னாராம்: "அக்கா, நீங்க கை வையுங்க. மாத்திரையப் பத்தி மட்டும் பேசாதீங்க." ஆசிரியை முகம் சுளித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குமேல் அம்மா செய்ததை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பாய் சுருட்டும் நேரத்தில் ஒவ்வொருத்தியிடமும் போய், "நீ என்ன மாத்திரை சாப்பிடுத? இப்பவும் சாப்பிடுதியா?" என்று கேட்டிருக்கிறார். இருவர் நிறுத்தியிருந்தார்கள். ஒருத்தி இரத்த அழுத்தத்திற்கு, மற்றவள் சர்க்கரைக்கு. முதலாமவள் அன்று மாலையே மீண்டும் தொடங்கிவிட்டாள். சர்க்கரைக்காரப் பெண்மணிக்கு இந்தியும் மராத்தியும் சரியாக வராது. மருத்துவமனை என்றால் அச்சம். அவருக்கு டிரம் கதையை அம்மாவே சொன்னாராம். அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, மாநகராட்சி மருத்துவமனையில் சீட்டு வாங்கும் வரிசையில் இருவரும் நின்றுகொண்டிருக்கையில்தான் அம்மா என்னைக் கைப்பேசியில் அழைத்தார். முன்னால் நாற்பது பேர் இருக்கிறார்கள், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.